தோத் டெக் அழகுதான், ஆனா அதை வச்சு உங்களால பேச முடியுமா?

நீங்க கேட்டது இதுதான்: ரெண்டு வருஷமா ரைடர் வெயிட்ங்கற டாரட் டெக்ல, அதாவது 78 படக் கார்டை விரிச்சு பலன் சொல்ற கட்டுல, படிக்கிறேன், வாரத்துக்கு நாலஞ்சு பேருக்கு தமிழ்ல உட்கார்ந்து ரீடிங் பண்றேன், தோத்ங்கற இன்னொரு டாரட் டெக்கோட படங்களை ஃபோன்ல பார்த்ததுல இருந்து கண்ணுக்குள்ளயே நிக்குது, அதுக்கு மாறிடலாமா, மாறினா ரீடிங் இன்னும் ஆழமா வருமா இல்ல இருக்கறதும் கெட்டுப்போகுமா.

வாங்குங்க. ஆனா வாங்கின மறுநாளே வர்றவங்க முன்னாடி அதை விரிக்காதீங்க. ஏன்னு விரிவா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்கம்மா, ஏன்னா பதிமூணு வருஷம் முன்னாடி இதே டெக்கோட அழகுல நானும் மயங்கி, கையில நல்லா ஓடிட்டிருந்த டெக்கை பெட்டியில வச்சு பூட்டிட்டு இதுக்கு தாவி, ஆறு மாசம் ரொம்ப கஷ்டப்பட்டேன்.

ஒரு டெக் நமக்கு ஒத்து வருமானு தெரிஞ்சுக்க டெக்கை பார்க்கறதுக்கு முன்னாடி நம்ம வாயை கவனிக்கணும். அடுத்த மூணு ரீடிங்கை, வர்றவங்க கிட்ட அனுமதி கேட்டுட்டு, ஃபோன்ல ரெகார்ட் பண்ணுங்க. ராத்திரி தனியா உட்கார்ந்து போட்டு கேளுங்க. ஒவ்வொரு கார்டையும் திருப்பின உடனே உங்க வாயில இருந்து வர்ற முதல் வாக்கியம் எதுவோ அதை மட்டும் ஒரு நோட்ல எழுதுங்க, அதுக்கப்புறம் சொன்ன விளக்கம் எதுவும் வேண்டாம். உதாரணத்துக்கு ஃபைவ் ஆஃப் கப்ஸ், அதாவது அஞ்சு கோப்பை கார்டு, விழுந்துச்சுனு வைங்க. ஒருத்தர் "பாருங்க, கொட்டிப்போன மூணையே குனிஞ்சு பார்த்துட்டு நிக்கறாங்க, முதுகுக்கு பின்னாடி ரெண்டு கோப்பை கவிழாம நிக்குது, திரும்பவே இல்ல"னு ஆரம்பிப்பாங்க. இன்னொருத்தர் "ஏமாற்றம், இழப்பு"னு ஆரம்பிப்பாங்க, மனப்பாடமா இருக்கும். மூணாவது ஆள் "கப்ஸ்னா தண்ணி, மனசு, அஞ்சாம் நம்பர்னாலே ஆட்டம் காணும், அப்போ மனசு விஷயத்துல ஒரு உலுக்கல்"னு கட்டிக்கிட்டு வருவாங்க. நாலாவதா சில பேர் ஒண்ணுமே சொல்லாம அந்த கறுப்பு அங்கியை பார்த்துட்டே இருந்து "நெஞ்சு கனமா இருக்கா உங்களுக்கு?"னு கேட்பாங்க, அவங்களுக்கு நிறம்தான் பேசும்.

நாலுமே நல்ல ரீடிங்தான், ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு நான் நினைக்கல. ஆனா நாலு பேருக்கும் ஒரே டெக் சோறு போடாது. முதல் ஆளுக்கு படத்துல ஆள் வேணும், உடம்பு வேணும், யார் எந்தப் பக்கம் திரும்பி நிக்கறாங்கனு தெரியணும். நீங்க கேட்ட விதத்துல இருந்தே உங்களை அந்த முதல் வகைனு நான் நினைக்கிறேன், ஏன்னா உங்க கேள்வியிலயே "டவர் கார்டுல விழுற அந்த ரெண்டு பேரை பார்த்ததும் எனக்கு கதை வந்துடும்"னு எழுதியிருந்தீங்க. அதனாலதான் யோசிக்க சொல்றேன். தோத் டெக்ல கப்ஸ் (கோப்பை), ஸ்வோர்ட்ஸ் (வாள்), வாண்ட்ஸ் (கோல்), டிஸ்க்ஸ் (காசு)னு நாலு வகையிலயும் டூ முதல் டென் வரைக்கும் இருக்கற 36 கார்டுலயும் ஒரு ஆள் கூட கிடையாது.

இது ஏன் இப்படினு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும். நம்ம பழகின ரைடர் வெயிட் 1909ல லண்டன்ல வந்தது, ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டம் போட்டார், 78 கார்டையும் வரைஞ்சது பமேலா கோல்மன் ஸ்மித்ங்கற பெண், ரொம்ப நாள் அவங்க பேரை யாரும் சொல்லவே இல்ல, வெயிட் பேரும் பதிப்பகத்து பேரும்தான் டெக்குக்கு நின்னுச்சு, இது எனக்கு இன்னைக்கும் வருத்தம், அதனால இனிமே இதை ஸ்மித் டெக்னே சொல்றேன். அதுக்கு முன்னாடி புழக்கத்துல இருந்த மார்செய் மாதிரி டெக்ல சின்ன கார்டுங்க, அதாவது நம்பர் கார்டுங்கல்லாம் நம்ம சீட்டுக்கட்டு போலத்தான், அஞ்சு கோப்பைனா அஞ்சு கோப்பை வரிசையா இருக்கும், ஆறு வாள்னா ஆறு வாள் வளைஞ்சு பின்னிக்கிட்டு இருக்கும், கதை எதுவும் கிடையாது. விதிவிலக்கா 1491 வாக்குல இத்தாலியில செஞ்ச சோலா புஸ்கானு ஒரு டெக்ல மட்டும் சின்ன கார்டுலயும் ஆளுங்க இருந்தாங்க, அதோட ஃபோட்டோக்கள் 1907ல பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துச்சு, ஸ்மித் வரைஞ்ச த்ரீ ஆஃப் ஸ்வோர்ட்ஸை சோலா புஸ்காவோட பக்கத்துல வச்சு பாருங்க, மூணு வாள் குத்தின அந்த இதயம் எங்கிருந்து வந்துச்சுனு சொல்லவே வேண்டாம். இன்னொண்ணு, ஸ்மித் நாடகக்காரங்களோட பழகினவங்க, லண்டன் லைசியம் தியேட்டர் ஆளுங்களோட ஊர் ஊரா போனவங்க, மேடை அலங்காரம் செஞ்சவங்க. நிறைய சின்ன கார்டுல ஆளுக்குப் பின்னாடி ஒரு நேர்கோடு போகும் பாருங்க, அது மேடையோட தரைக்கோடு மாதிரி, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது தொங்கவிட்ட திரைச்சீலை மாதிரி. நீங்க கார்டை திருப்பினதும் கதை சொல்ல வாய் வருதுன்னா அதுல உங்க திறமை பாதி, அந்தம்மா மேடையில ஆளை நிறுத்தி வச்ச விதம் பாதி.

இப்போ தோத். மாந்திரீகம் எழுதின இங்கிலீஷ்காரர் அலிஸ்டர் க்ரோலி சொல்ல சொல்ல லேடி ஃப்ரீடா ஹாரிஸ் வரைஞ்சது. 1938ல ஆரம்பிச்சப்போ சில மாசத்துல முடிச்சிடலாம்னுதான் நினைச்சாங்க, 1943 வரைக்கும் இழுத்துச்சு, நடுவுல உலகப்போர், சில கார்டை திரும்ப திரும்ப வரைஞ்சிருக்காங்க. க்ரோலி 1947ல போயிட்டார், ஹாரிஸ் 1962ல போயிட்டாங்க, அதுவும் எங்கன்னா காஷ்மீர் ஸ்ரீநகர்ல. கார்டா அச்சாகி கடைக்கு வந்தது 1969ல, ரெண்டு பேருமே அதை கண்ணால பார்க்கல. எனக்கு க்ரோலியோட வாழ்க்கையில பிடிக்காத விஷயம் நிறைய உண்டு, அவர் பேரைக் கேட்டே அந்த டெக்கை தொட மாட்டேங்கறவங்க இருக்காங்க, அவங்க மனசு எனக்கு புரியுது. ஆனா அந்த ஓவியம் ஹாரிஸோட அஞ்சு வருஷ கை உழைப்பு. ப்ரொஜெக்டிவ் ஜியாமெட்ரினு ஒரு வகை கணிதத்தை படிச்சுட்டு வந்து, ஒளி கோடு கோடா பிரிஞ்சு வளைஞ்சு போற மாதிரி, நிறம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையற மாதிரி வரைஞ்சிருக்காங்க, அதுதான் உங்க கண்ணுக்குள்ள நிக்குது.

ஒரே கார்டை ரெண்டு டெக்லயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்ப்போம். சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஸ்மித் கார்டுல ஒரு படகு, ஓட்டறவர் நின்னுக்கிட்டு கழியை ஊன்றார், முன்னாடி போர்த்திக்கிட்டு குறுகி உட்கார்ந்திருக்கற ஒரு உருவம், பக்கத்துல குழந்தை, படகு முனையில ஆறு வாள் குத்தி நிக்குது, தண்ணியில ஒரு பக்கம் அலை, மறுபக்கம் சலனமே இல்ல. இதை வச்சுக்கிட்டு ஒரு ரீடர் கால் மணி நேரம் பேசலாம், யாரை விட்டுட்டு போறீங்க, யார் உங்களை கூட்டிட்டு போறா, வாளையும் ஏன் கூடவே தூக்கிட்டு போறீங்க, பிடுங்கினா படகுல ஓட்டை விழும்னு பயமா, கேட்டுக்கிட்டே போகலாம். தோத்ல அதே சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் பாருங்க, ஆறு வாளும் நடுவுல ஒரு புள்ளியை நோக்கி வந்து நிக்குது, அந்த நடுவுல தங்க நிற சிலுவை மேல ரோஜா, பின்னாடி மெல்லிசா வட்டமும் சதுரமும், கீழ ‘சயின்ஸ்’னு ஒரு வார்த்தை. படகு இல்ல, அம்மா இல்ல, குழந்தை இல்ல. கும்பத்துல புதன்னு கிரகக் குறி மட்டும் இருக்கு. அறிவு தெளிவா, சமநிலையா, எல்லா பக்கமும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து நிக்கிற நிலை, அவ்வளவுதான் கார்டு சொல்றது. வீட்டை விட்டு வந்த ஒரு பொண்ணு உங்க முன்னாடி உட்கார்ந்து அழுதுட்டு இருக்கறப்போ இந்த கார்டு விழுந்தா எங்க ஆரம்பிப்பீங்க? ஆரம்பிக்க முடியும், முடியாதுனு சொல்லல, ஆனா அந்த ஆரம்பம் உங்க மனசுல இருந்து வரணும், படம் எடுத்துக் கொடுக்காது.

எய்ட் ஆஃப் கப்ஸ்ல இது இன்னும் துல்லியமா தெரியும். வெயிட், ஸ்மித், க்ரோலி மூணு பேருமே லண்டன்ல 1888ல தொடங்கின கோல்டன் டான்ங்கற மாந்திரீக சங்கத்துல இருந்தவங்க, அந்த சங்கத்துல இந்த கார்டுக்கு வச்ச பேர் கிட்டத்தட்ட ‘கைவிட்ட வெற்றி’, மீனத்துல சனி. ஸ்மித் என்ன பண்ணாங்கன்னா கைவிட்ட ஆளை வரைஞ்சாங்க, சிவப்பு அங்கி போட்ட ஒருத்தர் கோலை ஊனிக்கிட்டு எட்டு கோப்பையையும் விட்டுட்டு முதுகை காட்டிட்டு மலைப்பக்கமா நடந்து போறார், நிலா பார்த்துட்டு இருக்கு. ஹாரிஸ் என்ன பண்ணாங்கன்னா கைவிட்ட இடத்தை வரைஞ்சாங்க, கலங்கின சேறு, உடைஞ்ச விளிம்போட கோப்பைங்க, சிலதுல மட்டும் கொஞ்சம் தண்ணி, மேல பாரமான மேகம், கீழ ‘இண்டலன்ஸ்’, அதாவது சோம்பி தேங்கிப் போனது. ரெண்டும் ஒரே மூலத்துல இருந்து வந்ததுதான். ஸ்மித் டெக் ஆள் என்ன செய்யறார்னு காட்டும், தோத் டெக் அந்த ஆள் நின்ன காத்தும் தண்ணியும் எப்படி இருந்துச்சுனு காட்டும். நீங்க ரீடிங்ல "அவர் என்ன பண்ணுவார், நான் என்ன பண்ணட்டும்"ங்கற கேள்விக்கு பதில் சொல்றவங்களா, "எனக்கு என்ன நடக்குது, ஏன் இப்படி இருக்கேன்"ங்கற கேள்விக்கு பதில் சொல்றவங்களா, அதை யோசிச்சுக்கங்க, இதுலயே பாதி முடிவு வந்துடும். என் அனுபவத்துல வர்றவங்க பத்துல எட்டு பேர் முதல் கேள்வியோடதான் வர்றாங்க.

அடுத்தது அந்த வார்த்தைங்க. தோத் சின்ன கார்டு ஒவ்வொண்ணுலயும் கீழ ஒரு இங்கிலீஷ் வார்த்தை அச்சாகியிருக்கும், ‘லவ்’, ‘விக்டரி’னு நல்லதும் இருக்கும், ‘க்ரூயல்ட்டி’, ‘ரூயின்’, ‘டிஃபீட்’னு பயமுறுத்தறதும் இருக்கும். படம் பார்க்கறப்போ நமக்கு இது பெரிசா தெரியாது. ஒருநாள் ஒரு அம்மா வந்தாங்க, பையன் ரெண்டாவது தடவையா நீட் எழுதறான், அவனைப் பத்தி கேட்க வந்தாங்க. அப்போ நான் தோத் வச்சிருந்தேன். மூணு கார்டு எடுத்தேன், நடுவுல செவன் ஆஃப் டிஸ்க்ஸ். ஈயக் காசு மாதிரி ஏழு வட்டம், பின்னாடி கருகிப்போன இலைங்க, கீழ ‘ஃபெயிலியர்’. நான் வாயை திறக்கறதுக்குள்ள அந்தம்மா குனிஞ்சு எழுத்துக்கூட்டி படிச்சாங்க, புடவை முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் நான் பேசினது ஒண்ணுமே அவங்க காதுல ஏறல. நான் சொல்ல வந்தது என்னன்னா, வேகத்தை குறைச்சு, மண்ணையும் உரத்தையும் ஒரு தடவை சரி பார்க்கணும், இப்படியே போனா உழைப்பு வீணாகும்னு. அதே கார்டு ஸ்மித் டெக்ல எப்படி இருக்கும் தெரியுமா, ஒரு விவசாயி மண்வெட்டி மாதிரி ஒரு கோல் மேல சாய்ஞ்சு நின்னு, செடியில காய்ச்ச ஏழு காசையும் பார்த்து யோசிச்சுட்டு இருப்பார். அதை காட்டி அந்தம்மா கிட்ட நான் சொல்லியிருந்தா தலையாட்டி கேட்டிருப்பாங்க. அது என் தப்பு, டெக் தப்பு இல்ல. வந்திருக்கறவங்க கண்ணு எங்க போகும்னு யோசிக்காம எனக்கு அழகா இருக்குனு அதை விரிச்சேன். அன்னையில இருந்து, வர்றவங்க கார்டை பார்ப்பாங்கன்னா தோத் எடுக்கறதில்ல.

குடும்பமா உட்கார்ந்து கேட்கறவங்களுக்கு படிக்கறீங்கன்னா இன்னொண்ணும் யோசிங்க, ஸ்மித் டெக்ல ஸ்ட்ரெங்த்னு இருக்கற கார்டு தோத்ல ‘லஸ்ட்’, ஏழு தலை சிங்கம் மேல துணியில்லாம ஒரு பெண் சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச ஓவியங்கள்ல அது ஒண்ணு, உயிரோட வெறி அப்படியே தெரியும். ஆனா மாமியாரும் மருமகளும் பக்கத்து பக்கத்துல உட்கார்ந்திருக்கறப்போ அது விழுந்தா முதல் ரெண்டு நிமிஷம் சங்கடத்துலயே போயிடும்.

நம்பரும் பேரும் மாறியிருக்கு, அதையும் பார்த்துக்கங்க. ஸ்மித் டெக்ல ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11. தோத்ல ஜஸ்டிஸுக்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’னு பேர், அது 8, லஸ்ட் 11. டெம்பரன்ஸ் ‘ஆர்ட்’ ஆயிடும், ஜட்ஜ்மென்ட் ‘ஏயான்’ ஆயிடும். கோர்ட் கார்டுலதான், அதாவது ராஜா ராணி மாதிரி அரசவை ஆளுங்க கார்டுலதான், நிறைய பேர் தடுக்கி விழறாங்க, இதுல கிங் கிடையாது, பேஜ் கிடையாது, நைட், குயின், பிரின்ஸ், பிரின்சஸ். குதிரை மேல வர்ற நைட்டை பார்த்து "அவசரக்கார வாலிபன்"னு நம்ம வாய் பழக்கத்துல சொல்லிடும், ஆனா பெரும்பாலானவங்க தோத் நைட்டை ஸ்மித் டெக்கோட கிங் இடத்துலதான் வைக்கறாங்க, ரதத்துல உட்கார்ந்து வர்ற பிரின்ஸ்தான் அந்த வாலிபன். ஒரு பொண்ணுக்கு வரப்போற மாப்பிள்ளைய பத்தி சொல்றப்போ இது மாறிப்போச்சுன்னா ஆளே மாறிடும். அப்புறம் சில பதிப்புல பெட்டியை திறந்தா 80 கார்டு இருக்கும், மேகஸ் (மந்திரவாதி) கார்டு மூணு விதமா ஹாரிஸ் வரைஞ்சதை மூணையும் போட்டிருப்பாங்க, அச்சுப்பிழைனு நினைச்சுக்காதீங்க, பிடிச்சதை ஒண்ணு வச்சுக்கிட்டு மிச்ச ரெண்டை எடுத்து வச்சிடுங்க.

நமக்கு ஜோசியம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோத்ல அந்த 36 சின்ன கார்டும் ராசி சக்கரத்தோட 36 பத்து பத்து பாகைக்கு ஒதுக்கினது, ஒரு ராசிக்கு மூணு. இதைப் படிச்சதும் "ஆஹா, நம்ம திரேக்காணம்"னு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனா அதிபதிங்க வேற. விருச்சிகத்தை எடுத்துக்கங்க, ஃபைவ், சிக்ஸ், செவன் ஆஃப் கப்ஸ் மூணும் அதுல வருது, தோத் கணக்குல செவ்வாய், சூரியன், சுக்கிரன். நம்ம முறையில விருச்சிகத்து திரேக்காணத்துக்கு செவ்வாய், குரு, சந்திரன். முதலாவது மட்டும்தான் ஒத்துப்போகுது. அதோட அவங்க விருச்சிகம் அக்டோபர் 23 வாக்குல தொடங்கிடும், நமக்கு கார்த்திகை பிறக்கறது நவம்பர் நடுவுல. ஜாதகத்தை ஒரு பக்கம் வச்சுக்கிட்டு தோத் கார்டுல இருக்கற கிரகக் குறியை அதோட முடிச்சு போட்டு பலன் சொல்றவங்களை பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க, ரெண்டு அளவுகோலை கலந்து துணி அளந்தா சட்டை தைக்க முடியாது. கிரகம், ராசி இதோட குணம் உங்களுக்கு ஏற்கனவே ஊறியிருந்தா அது உதவும், மந்தமான சனி ஈரமான மீனத்துல உட்கார்ந்தா தேங்கும்தானே, எய்ட் ஆஃப் கப்ஸ் உடனே புரிஞ்சிடும். அந்த அளவோட நிறுத்திக்கங்க.

அப்போ தோத் யாருக்கு ஒத்து வரும்? நான் மேல சொன்ன மூணாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும். நம்பரையும் நெருப்பு, தண்ணி, காத்து, மண்ணையும் சேர்த்து யோசிக்கறவங்களுக்கு இது ஒரு பெரிய சுரங்கம், ஏன்னா நிறம் கூட சும்மா போடல, கோல்டன் டான் நிறப்பட்டியல்படி போட்டிருக்கு. தோத் படிக்கறவங்க நிறைய பேர் தலைகீழ் கார்டை பார்க்கறதே இல்ல, பக்கத்துல இருக்கற கார்டோட பூதம், அதாவது அந்த நெருப்பு, தண்ணி, காத்து, மண், ஒத்துப்போகுதா சண்டை போடுதானு பார்ப்பாங்க, நெருப்புக்கு பக்கத்துல தண்ணி வந்தா ரெண்டும் வலு குறையும், காத்தும் மண்ணும் அப்படித்தான். நீங்க ரிவர்ஸ்ட் கார்டை நம்பி படிக்கறவங்கன்னா இந்த பழக்கத்தையே மாத்தணும். நிறத்துல இருந்து படிக்கறவங்க பட்டியல் எதுவும் தெரியாமலே தோத்ல நல்லா படிக்கறதை நான் நேர்ல பார்த்திருக்கேன், ஃபைவ் ஆஃப் கப்ஸ்ல அந்த எரியற ஆரஞ்சு வானத்தையும், உதிர்ந்த தாமரை இதழையும், தலைகீழ் நட்சத்திரமா நிக்கற காலி கண்ணாடி கோப்பையையும் பார்த்துட்டு, "யாரோ வர்றேன்னு சொல்லி வராத சாயங்காலம் மாதிரி இருக்கு"னு ஒரு சின்ன பொண்ணு சொன்னா, எனக்கு சிலிர்த்துப் போச்சு, அவளுக்கு டாரட் பத்தி ஒண்ணுமே தெரியாது.

மனப்பாடமா வார்த்தையில இருந்து ஆரம்பிக்கறவங்களுக்கு தோத் முதல் மாசம் ரொம்ப சுகமா இருக்கும், வார்த்தை கார்டுலயே இருக்கு. அதுக்கப்புறம் அதுவே கட்டிப்போட்டுடும், ‘வொரி’னு போட்டிருந்தா கவலைக்கு மேல யோசனை போகாது.

தோத்னு மட்டும் இல்ல, வேற எந்த அழகான டெக்கா இருந்தாலும் இதே மாதிரி பாருங்க. வைல்ட் அன்நோன் டெக்ல மனுஷங்களே கிடையாது, பறவை, மிருகம், மரம், மெல்லிய கறுப்பு கோடு, அங்கங்க ஒரு நிறம், கோர்ட் கார்டு அப்பா அம்மா மகன் மகள்னு இருக்கும், ஆந்தை, அன்னம், பாம்பு, மான்னு. மிருகத்தோட மனசு தெரிஞ்சவங்க அதுல பிரமாதமா படிக்கறாங்க. ஷேடோஸ்கேப்ஸ் வேற மாதிரி, வாட்டர்கலர்ல நூல் நூலா வரைஞ்சது, ஸ்மித் டெக்கோட அர்த்தத்தை ஒட்டித்தான் போகும், ஆளுங்களும் இருக்காங்க, ஆனா அவ்வளவு நுணுக்கம் ஒரு கார்டு அளவுக்கு சுருங்கினதும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவங்களுக்கு பனிமூட்டம் மாதிரிதான் தெரியும். தனியா மடியில வச்சு பார்க்க அது ஒரு தவம், பத்து கார்டு செல்டிக் கிராஸ் விரிச்சு பார்க்க கஷ்டம்.

இப்போ கையை பத்தி, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. சாதாரண டாரட் கார்டு 70க்கு 120 மில்லிமீட்டர் வாக்குல இருக்கும், தோத் பெரிய சைஸ் அதைவிட நல்லா அகலம், என் கை சின்னது, சீட்டு கலைக்கற மாதிரி அதை கலைக்கவே முடியல, மேசையில கொட்டி ரெண்டு கையாலயும் பிசைஞ்சு எடுக்க வேண்டியிருந்துச்சு. சின்ன சைஸ் வருது, கைக்கு அடங்கும், ஆனா ஹாரிஸோட அந்த மெல்லிய கோடெல்லாம் அதுல பாதி போயிடும். உங்க வீட்ல எந்த வெளிச்சத்துல படிக்கறீங்கனு பாருங்க, பளபளப்பு பூச்சு உள்ள கார்டு ட்யூப்லைட்டுக்கு கீழ பாதி வெள்ளையாத்தான் தெரியும், வந்தவங்க தலையை இப்படி அப்படி சாய்ச்சு பார்ப்பாங்க. மேட் கார்டுக்கு அந்த தொல்லை இல்ல, ஆனா நம்ம ஊர் புழுக்கத்துல கை வேர்வை பட்டா சீக்கிரம் அழுக்கு ஏறும். நான் ஒரு பருத்தி துண்டை பக்கத்துலயே வச்சிருப்பேன், ஒவ்வொரு தடவையும் கையை துடைச்சுட்டுத்தான் தொடுவேன்.

விலை ரொம்ப கம்மியா ஆன்லைன்ல பார்த்தா நிதானிங்க. அச்சடிச்ச கையேடு இல்லாம ஒரு க்யூஆர் கோடு மட்டும் வருதுன்னா, கார்டு மெல்லிசா வளையுதுன்னா, நிறம் மங்கலாவோ ஓரம் வெட்டுப்பட்டோ இருந்தா அது பெரும்பாலும் திருட்டு பதிப்பு. நிறத்துக்காகவே வாங்கற டெக்கை நிறம் செத்துப்போன பிரதியா வாங்கறதுல பயனே இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி இதை செய்யுங்க. பெட்டி மேலயும் விளம்பரத்துலயும் வர்றது எப்பவும் மேஜர் அர்கானாங்கற 22 பெரிய கார்டுதான், ஹை ப்ரீஸ்டஸ், ஸ்டார், மூன், அதெல்லாம் எந்த டெக்லயும் அழகாத்தான் இருக்கும், அதை பார்த்து முடிவெடுக்காதீங்க. 78ல மிச்ச 56ம் மைனர், அதாவது நம்பர் கார்டும் கோர்ட் கார்டும், ரீடிங்ல விழுறது பெரும்பாலும் அதுதான். தோத்ல ஃபோர் ஆஃப் கப்ஸ், எய்ட் ஆஃப் கப்ஸ், சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், செவன் ஆஃப் டிஸ்க்ஸ், டென் ஆஃப் வாண்ட்ஸ், பிரின்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், இந்த ஆறு படத்தையும் ஃபோன்ல எடுத்து வைங்க, கீழ இருக்கற வார்த்தையை விரலால மறைச்சுக்கங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. உங்ககிட்ட கடைசியா வந்த ஒருத்தரோட உண்மையான கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு, புத்தகம் பார்க்காம, அவங்க எதிர்ல உட்கார்ந்திருக்கற மாதிரி சத்தமா பேசுங்க, தமிழ்ல பேசுங்க, ரெகார்ட் பண்ணுங்க. ஒரு நிமிஷம் தொடர்ந்து பேச வந்துச்சா, இல்ல முப்பதாவது விநாடியில ஸ்மித் டெக்ல அதே கார்டு எப்படி இருக்கும்னு மனசுக்குள்ள போய் அதை பார்த்து பேச ஆரம்பிச்சீங்களா, இதை மட்டும் நேர்மையா கவனிங்க. ரெண்டாவது நடந்துச்சுன்னா நீங்க தோத்தை வச்சுக்கிட்டு ஸ்மித் டெக்கைத்தான் படிக்கறீங்க. எனக்கு அந்த ஆறு மாசமும் அதுதான் நடந்துச்சு. வெளியில பார்த்தா மேசை மேல அவ்வளவு அழகான டெக், உள்ளுக்குள்ள நான் படகையும் குழந்தையையும் தேடிக்கிட்டு இருந்தேன், வந்தவங்களுக்கு தெரியாத ஒரு படத்தை பார்த்து அவங்களுக்கு பேசிட்டு இருந்தேன், அது அவங்களுக்கு நியாயமே இல்ல.

அதுக்கப்புறம் தோத்தை விட்டுட்டேனானு கேட்டா, இல்ல. வர்றவங்களுக்கு ஸ்மித் டெக்கையே திரும்ப எடுத்தேன், தோத்தை எனக்குனு வச்சுக்கிட்டேன். காலையில காபி ஆறுறதுக்குள்ள ஒரே ஒரு கார்டு, கேள்வி எதுவும் கேட்காம, இன்னைக்கு என் மனசு எந்த தண்ணியில கிடக்குனு பார்க்க. அப்படி ரெண்டு வருஷம் பார்த்த பிறகு ஒரு மாற்றம் வந்துச்சு, ஸ்மித் டெக்ல எய்ட் ஆஃப் கப்ஸ் விழுந்தா, நடந்து போற ஆளை சொல்றதுக்கு முன்னாடி அவர் விட்டுட்டு போற சேறு எனக்கு தெரிய ஆரம்பிச்சுது, "எவ்வளவு நாளா தேங்கி நிக்கறீங்க?"னு கேட்பேன், எதிர்ல இருக்கறவங்க நிமிர்ந்து பார்ப்பாங்க. உங்களுக்கும் தோத் அந்த வேலையை செய்யும்னுதான் எனக்கு தோணுது, அதனாலதான் முதல் வரியிலயே வாங்குங்கனு சொன்னேன். கையில பழகின டெக்கை மட்டும் பெட்டியில வச்சு பூட்டிடாதீங்க. அந்த ஆறு கார்டும் பேசி முடிச்சதும் எந்த கார்டுல வாய் நின்னுச்சுனு எழுதுங்க, செவன் ஆஃப் டிஸ்க்ஸ்ல நின்னுச்சுன்னா கவலைப்படாதீங்க, அதுல எல்லாருமே நிப்பாங்க, பிரின்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்ல நின்னுச்சுன்னா கோர்ட் கார்டை எப்படி பழகறதுனு தனியா எழுதறேன்.